ஏரிச் சேற்றின் வயது

ஏரியொன்று எப்போது கெடத் தொடங்கியது என அறிய விரும்பின், அதன் அடிச்சேற்றையே நாம் வினவுதல் வேண்டும். நிலத்தினின்று வெளிப்படும் இரேடன் வாயு வளியிற் சிதைந்து, ஈற்றில் ஈயம்-210 ஆகி, மழையோடு ஏரியை அடைந்து சேற்றிற் புதைகின்றது. அதன் கதிர்த்தொழிற்பாடு ஏறத்தாழ 22 ஆண்டுகளிற் பாதியாகும். ஆழஞ் செல்லச் செல்ல அது குறையும் வீதத்தைக் கொண்டு சென்ற 100 முதல் 150 ஆண்டுகளைக் கணித்தல் கூடும்.

ஆயின், புளோரிடாவிலுள்ள ஒக்கிச்சோபி போன்ற ஏரிகளில் இக்கணக்குத் தடுமாறும். கடல்போற் பரந்த அவ்வேரியின் சராசரி ஆழம் 3 மீற்றருக்கும் குறைவு. பெருங்காற்று வீசின் அடிச்சேறு கலங்கும். புழுக்களும் தம் பங்குக்குக் கிளறும். கலங்கிய படையில் ஈயம் மேலுங் கீழும் ஒரே அளவாய் இருத்தலின், சேறு மிக விரைவாகப் படிந்ததென மயங்குதல் எளிது. வயல்களின் பசளையே ஏரியைக் கெடுத்ததோ என ஆராய்வோர்க்கு இது சிறு மயக்கமன்று. காலம் பிழைப்பின் பழியும் இடம் மாறும்.

ஆதலின் வேறு சாட்சியும் வேண்டும். அணுகுண்டுச் சோதனைகளால் 1950களிற் பரவி, 1963 அளவில் உச்சமடைந்த சீசியம்-137 அத்தகையது. அவ்வுச்சம் சேற்றிற் கூராய்த் தோன்றின் கலக்கம் சிறிதெனத் துணியலாம். மழுங்கித் தோன்றின் ஐயுறல் வேண்டும். சீசியமும் சிலவிடத்துச் சேற்றுநீருடன் ஊர்ந்து இடம்பெயரும் ஆதலின், அதனையும் நாம் முற்றாக நம்புவதற்கில்லை. ஏரியின் பலவிடங்களில் எடுத்த சேற்றுத் தூண்களை ஒப்பிட்ட பின்னரும், கலங்கிய படைக்கு ஓர் ஆண்டைக் குறித்தல் இயலாது. ஏதோவொரு பத்தாண்டைக் குறிப்பதோடு அமைதல் வேண்டும்.