திமிங்கல இறைச்சி யாருடைய உணவு?

ஜப்பானியர் என்றாலே திமிங்கலம் தின்பவர்கள் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. ஒரு காலத்தில் அது உண்மைதான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாடே பசியில் வாடிய 1947 வாக்கில், அவர்களுக்குக் கிடைத்த விலங்குப் புரதத்தில் ஏறக்குறைய பாதி திமிங்கலத்திலிருந்து வந்தது. சோயா சாற்றிலும் இஞ்சியிலும் ஊறவைத்து, மாவில் புரட்டிப் பொரித்த துண்டுகள் பள்ளி மதிய உணவில் இடம்பெற்றன. 1962-இல் நுகர்வு 2 லட்சம் டன்னைத் தாண்டியது. பிறகு மற்ற இறைச்சிகள் தாராளமாகக் கிடைத்தன. 1986 முதல் வணிக வேட்டைக்குச் சர்வதேசத் தடையும் வந்தது. 2019-இல் ஜப்பான் வணிக வேட்டையை மீண்டும் தொடங்கியும் நுகர்வு ஆண்டுக்குச் சில ஆயிரம் டன்தான். பெரும்பாலான வீடுகளில் திமிங்கலம் சமைப்பதே இல்லை.

வடதுருவப் பகுதியின் நிலை வேறு. அங்கே வயல் இல்லை, தோட்டம் இல்லை. இனூயிட் மக்கள் விரும்பி உண்ணும் 'மக்டுக்' என்பது திமிங்கலத்தின் தோலும் அதை ஒட்டிய கொழுப்பும். மேலே கறுப்புத் தோல், கீழே வெளிர்நிறக் கொழுப்பு எனச் சிறு துண்டுகளாக நறுக்கிப் பச்சையாகவே மெல்லுவார்கள். அந்தத் தோலில் வைட்டமின் சி நிறைய உண்டு. காய்கனி விளையாத நாட்டில் ஸ்கர்வி நோய் அண்டாமல் காத்த உணவுகளில் அதுவும் ஒன்று. அலாஸ்காவில் ஒரு திமிங்கலம் பிடிபட்டால் ஊருக்கே பங்கு.

இந்தோனேசியாவின் லமலெரா கிராமத்தார் படகு முனையிலிருந்து பாய்ந்து, கையீட்டியால் குத்தித் திமிங்கலம் பிடிக்கிறார்கள். காய்ந்த இறைச்சியை மலையூர்ச் சந்தையில் சோளத்துக்கும் வாழைப்பழத்துக்கும் மாற்றிக்கொள்கிறார்கள்.

வட அட்லாண்டிக்கில் உள்ள பரோயே தீவுகளிலும் திமிங்கல இறைச்சி வீடுவீடாகப் பங்கிடப்படுகிறது. ஆனால் அதை இனி உண்ண வேண்டாம் என்று அத்தீவுகளின் தலைமை மருத்துவர்களே 2008-இல் அறிவுறுத்தினார்கள். காரணம் பாதரசம். நிலக்கரிப் புகையிலிருந்தும் தங்கச் சுரங்கங்களிலிருந்தும் கடலில் சேரும் பாதரசம், சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கு ஏறி, பல்லுள்ள திமிங்கலங்களின் தசையில் குவிகிறது. வயிற்றில் வளரும் குழந்தையின் மூளையை அது பாதிக்கும்.

சந்தைச் சரக்காகத் திமிங்கலம் இனி யாருக்கும் தேவையில்லை. ஆனால் அதை நம்பி வாழும் சிறு சமூகங்களைப் பழிக்கும் முன், அவர்கள் தட்டில் விழும் நஞ்சு தொலைவில் உள்ள நம் போன்றோரின் ஆலைகளிலிருந்தும் போகிறது என்பதை நாம் உணர வேண்டும்.