பிரஷர்: பரம்பரையா, டென்ஷனா?

“எங்கட குடும்பத்தில எல்லாருக்கும் பிரஷர், எனக்கும் வரத்தானே வேணும்” என்பார் ஒருவர். “அதெல்லாம் இந்த நாட்டு டென்ஷன். ஊரில ஒரு மாதம் போய் நிண்டால் தன்பாட்டில இறங்கும்” என்பார் அடுத்தவர். லண்டனில் பிறந்தநாள் விழாவுக்குப் போனாலும் அந்தியேட்டிக்குப் போனாலும் இந்த இரண்டு பேச்சையும் கேட்கிறேன். இருவரும் சொல்வது பாதி உண்மை. அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டு இருவருமே வைத்தியரிடம் போகாமல் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்குக் கவலை.

முதலில் பரம்பரைக் கதையைப் பார்ப்போம். இரட்டையர்களையும் குடும்பங்களையும் வைத்துச் செய்த ஆய்வுகளின்படி, ஆளுக்கு ஆள் இரத்த அழுத்தத்தில் உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ 30 முதல் 50 சதவீதம் மரபணுக்களால் வருகிறது. ஆனால், மிக அரிதான சில நோய்களை விட்டால், ‘பிரஷர் மரபணு’ என்று தனியாக ஒன்று கிடையாது. 2018இல் ஐரோப்பிய வம்சாவளியினர் 10 லட்சம் பேருக்கு மேல் ஆராயப்பட்டபோது, அழுத்தத்தோடு தொடர்புள்ள மரபணு இடங்கள் 900க்கு மேல் என்று தெரியவந்தது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. சிறுநீரகம் எவ்வளவு உப்பைப் பிடித்து வைக்கிறது, இரத்தக் குழாய் எவ்வளவு இறுகுகிறது என்பது போன்ற விஷயங்களில் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் கைவைக்கிறது.

சரி, ஒரே வம்சத்து ஆக்கள் வேறு வேறு நாடுகளில் வாழ்ந்தால்? ரிச்சர்ட் கூப்பர் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவரது குழுவினரும் 1997இல் இதற்கு ஒரு பதில் தந்தார்கள். மேற்கு ஆபிரிக்க வம்சாவளியினரில் உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மேற்கு ஆபிரிக்காவில் 16 சதவீதம், கரீபியன் தீவுகளில் 26 சதவீதம், அமெரிக்காவில் 33 சதவீதம். வம்சம் ஒன்று, வாழ்க்கை வேறு.

புலம்பெயர்ந்த எங்களுக்கு இன்னும் கிட்டவான கதை கென்யாவினுடையது. விக்டோரியா ஏரிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து நைரோபிக்கு வேலை தேடி வந்த லுவோ மக்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 1990இல் வெளியானது. நகரத்துக்கு வந்த சில மாதங்களுக்குள்ளேயே அவர்களின் அழுத்தம், ஊரில் நின்றவர்களை விடக் கூடிவிட்டது. உப்பு கூடியது, பொட்டாசியம் குறைந்தது, நாடித்துடிப்பும் வேகமானது. இடம்பெயர்வு தரும் மன அழுத்தத்துக்கும் இதில் பங்கிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

இதற்கு நேர் எதிரான படம் இத்தாலியில் கிடைத்தது. வெளியுலகத் தொடர்பு குறைந்த மடத்தில் அமைதியாக வாழ்ந்த 144 கன்னியாஸ்திரிகளையும், வெளியே குடும்பமும் வேலையுமாக இருந்த 138 பெண்களையும் பல ஆண்டுகள் ஒப்பிட்டார்கள். உப்புப் பாவனையிலும் குடும்பப் பின்னணியிலும் பெரிய வித்தியாசம் இல்லை. வெளியே இருந்தவர்களுக்கு வயது ஏற ஏற அழுத்தமும் ஏறியது. மடத்தில் இருந்தவர்களுக்கோ 20 ஆண்டுகள் கழித்தும் பெரிதாக ஏறவில்லை.

அப்படியென்றால் டென்ஷன்தான் காரணமா? அதுவும் இல்லை. கவனிக்க வேண்டியது இரண்டும் சேரும் இடத்தை. அமெரிக்காவில் கத்லீன் லைட் என்ற ஆய்வாளரின் குழு 1983இல் இளைஞர்களுக்குப் போட்டிக் கணக்குகள் போன்ற மனதைப் பதற வைக்கும் வேலைகளைக் கொடுத்துப் பார்த்தது. பெற்றோருக்கு உயர் அழுத்தம் இருந்து, அல்லது தங்களுக்கே அது எல்லையில் இருந்து, பதற்றத்தில் நெஞ்சும் வேகமாக அடித்தவர்களின் சிறுநீரகங்கள் அந்த நேரத்தில் உப்பையும் நீரையும் வெளியே விடாமல் பிடித்து வைத்தன. மற்றவர்களுக்கு அப்படி நடக்கவில்லை. பதற்றம் ஒன்றுதான். பரம்பரை ஆபத்து உள்ள உடம்பு அதைச் சமாளித்த விதம்தான் வேறு.

அதே குழு 103 ஆண்களை 10 ஆண்டுகள் கழித்துத் திரும்பவும் பார்த்து, முடிவுகளை 1999இல் வெளியிட்டது. பதற்றத்தில் அழுத்தம் கூடுதலாக ஏறும் இயல்பு மட்டும் பின்னாளில் வரும் உயர் அழுத்தத்தைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த இயல்போடு குடும்ப வரலாறும் அன்றாட வாழ்க்கை நெருக்கடியும் சேர்ந்தவர்களிடம்தான் அது தெரிந்தது.

இப்போது எங்கட வாழ்க்கையைப் பாருங்கள். இரவு வேலை, இரண்டாவது வேலை, வீட்டுக்கடன், விசா முடிவுக்காக வருடக்கணக்கில் காத்திருப்பு, ஊருக்கு அனுப்ப வேண்டிய காசு. அதற்கு மேல் போரைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் வெளியே சொல்லாத நினைவுகள். போருக்குப் பிந்திய மன உளைச்சல் நோய்க்கும் உயர் அழுத்தத்துக்கும் தொடர்பு இருப்பதை அமெரிக்க முன்னாள் படையினரிடம் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதையெல்லாம் “மனசைத் திடமா வச்சிரு” என்ற ஒரு வரியில் முடித்துவிட முடியாது. தன் வேலை நேரத்தைத் தானே தீர்மானிக்க முடியாதவரிடம் போய் “டென்ஷன் ஆகாதே” என்று சொல்வதில் பயனில்லை. வேலை நேரம், சம்பளம், வீட்டு வாடகை, அகதி விண்ணப்பத்தின் முடிவு எல்லாமே உடல்நலம் சார்ந்த விஷயங்கள்தான். எங்கள் சங்கங்கள் வருடத்தில் ஒருநாள் நடத்தும் மருத்துவ முகாமோடு இந்தக் கதை முடிவதில்லை.

ஆனால் அதுவரை காத்திருக்கவும் முடியாது. பிரித்தானியாவில் 2.7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளை வைத்து 2018இல் வெளியான ஆய்வு நல்ல செய்தி ஒன்று சொன்னது. மரபணு ஆபத்து கூடியவர்களுக்கும் சரி, குறைந்தவர்களுக்கும் சரி, நல்ல வாழ்க்கைமுறை உள்ளவர்களின் அழுத்தம் குறைவாகவே இருந்தது. பரம்பரையில் இருக்கிறது என்பதற்காக முயற்சி வீண்போகாது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, நாளுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு. அது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. கருவாடு, ஊறுகாய், அப்பளம், மிக்சர் எல்லாம் அந்தக் கணக்குக்குள்தான் வரும்.

குளிசை எடுப்பவர்கள் ‘இப்ப மனம் அமைதி’ என்று தாங்களாகவே நிறுத்தக்கூடாது. உயர் அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. உலகில் அது உள்ள பெரியவர்களில் கிட்டத்தட்ட பாதிப்பேருக்கு அது இருப்பதே தெரியாது. பாரிசவாதமோ மாரடைப்போ வந்த பிறகுதான் பலருக்குத் தெரியவருகிறது. இங்கிலாந்தில் 40 வயதைத் தாண்டியவர்கள் பல பார்மசிகளில் இலவசமாக அளந்து பார்க்கலாம். அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் காட்டினால் குடும்ப வைத்தியரிடம் போக வேண்டும்.

இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். “குடும்பத்தில் யாருக்காவது உயர் அழுத்தம் இருக்கிறதா?” என்று வைத்தியர் கேட்டால், உங்களில் பலருக்குப் பதில் தெரியாது. கலியாணப் பேச்சில் தடை வந்துவிடும், பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று எங்கட வீடுகளில் வருத்தங்களை மறைத்துத்தான் பழக்கம். மரபணுக்களை யாரும் கேட்டு வாங்குவதில்லை. ஆனால் அந்தத் தகவலைக் கேட்டு வாங்கலாம். அப்பாவுக்கு எத்தனை வயதில் பிரஷர் தொடங்கியது, அம்மம்மா எதனால் காலமானார், சித்தப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தபோது என்ன வயது? இந்த மூன்று கேள்விகளை இந்தக் கிழமை வீட்டில் கேளுங்கள். பெற்றோரே, கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.