பிள்ளைகளின் பிணக்கும் பெரியோரின் நீதியும்

மாலை நேரம். சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு ஆலையிலிருந்து களைத்து வீடு திரும்புகிறாள் ஒரு தாய். வாசலிலேயே வழக்குக் காத்திருக்கிறது. அண்ணனின் பம்பரத்தைத் தம்பி பறித்துக்கொண்டானாம். “நீ பெரியவன்தானே, கொடுத்துவிட்டுப் போ” என்று தீர்ப்புச் சொல்லி அடுப்படிக்குச் செல்கிறாள். வீடு அமைதியாகிவிட்டது. ஆனால், அது சமாதானமா?

அழுதால் கிடைக்கும் என்று தம்பி கற்றுக்கொண்டான். நியாயம் கேட்டுப் பயனில்லை என்று அண்ணன் கற்றுக்கொண்டான்.

பெருமானார் (ஸல்) அவர்களிடம் ஒருமுறை பானம் கொண்டுவரப்பட்டது. தாம் பருகியபின் வலப்புறம் இருப்பவருக்குக் கொடுப்பது அவர்களின் வழக்கம். வலப்புறம் இருந்தவரோ ஒரு சிறுவர், இடப்புறம் முதியவர்கள். முதியவர்களுக்குக் கொடுக்க அச்சிறுவரிடமே அனுமதி கேட்டார்கள் அண்ணலார். தங்கள் கரத்தால் கிடைக்கும் பங்கை எவருக்கும் விட்டுத்தர மாட்டேன் என்றார் சிறுவர். அண்ணலார் கடிந்துகொள்ளவில்லை, அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரீ ஷரீபில் உள்ளது. விட்டுக்கொடுத்தல் உயர்ந்த பண்பே. ஆயினும் அதனைக் கேட்டுப் பெற வேண்டும். பறித்துக் கொடுத்தல் ஆகாது.

இதனை ஓதிய நானே தவறியதுண்டு. மக்தபில் இரு சிறுவர்கள் ஒரு ரெஹாலுக்காகச் சண்டையிட்டபோது, விசாரியாமல் இருவரையும் பிரம்பால் அடித்தேன். அது யாருடையது என்பது பின்னரே தெரிந்தது. உரியவன் பல நாள் என் முகம் பார்த்து ஓதவில்லை. அச்சிறுவனிடம் மன்னிப்புக் கேட்ட பிறகே என் மனம் ஆறியது.

அதற்காக எல்லா வழக்கையும் பெரியவரே தீர்த்துவைத்தால் பிள்ளை எப்போது பழகும்? கஅபா புதுப்பிக்கப்பட்டபோது அண்ணலாருக்கு வயது 35. ஹஜருல் அஸ்வத் கல்லைப் பதிக்கும் பெருமை யாருக்கு என்று குறைஷிக் கிளையினர் போருக்கே துணிந்தனர். அண்ணலார் ஒரு துணியை விரித்து, அதில் கல்லை வைத்து, எல்லாக் கிளையினரையும் ஓரங்களைப் பற்றித் தூக்கச் செய்தார்கள்; பின் தம் கரத்தால் பதித்தார்கள். வழக்காடிய கைகளே வழக்கைத் தீர்த்தன!

அவ்வாறே, ஒருவன் சொல்ல மற்றவன் கேட்கட்டும். பின் அவன் சொல்ல இவன் கேட்கட்டும். “இனி என்ன செய்யலாம்?” என்று அவர்களையே கேளுங்கள். முறைவைத்து ஆடலாம் என்ற முடிவு அவர்கள் வாயிலிருந்தே வரட்டும்.

கோபம் தணியுமுன் விசாரணை வேண்டா. ஓர் அறையின் தீ மறு அறைக்குத் தாவாதிருக்கப் பட்டாசு ஆலைகளில் இடைவெளி விட்டே அறைகளைக் கட்டுகின்றனர். விருதுநகர் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதனை விளக்க வேண்டுமா? கோபமுற்றவர் நின்றிருந்தால் அமரட்டும். அதிலும் தணியாவிடில் படுத்துக்கொள்ளட்டும் என்ற நபிமொழியும் அத்தகைய இடைவெளியையே கற்பிக்கிறது.

பெற்றோர்களே! அத்தாவும் பெரியத்தாவும் ஆண்டுக்கணக்கில் பேசாதிருப்பதைக் காணும் பிள்ளைக்கு நம் உபதேசம் என்ன செய்யும்? சகோதரனை மூன்று நாள்களுக்கு மேல் வெறுத்து ஒதுக்குதல் கூடாது என்றும், ஸலாமில் முந்துபவரே சிறந்தவர் என்றும் நாயகம் (ஸல்) நவின்றுள்ளார்கள். இன்று ஜும்ஆ முடிந்ததும் பிள்ளையின் கரம்பற்றி அந்தச் சகோதரனின் வாசலுக்குச் செல்லுங்கள். அதுவே முதற்பாடம்.

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களில் நீதியையும் இணக்கத்தையும் நிலைபெறச் செய்வானாக! ஆமீன்.