காளான் குடிலின் காற்று: பயிற்சியில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை

வைக்கோல் கைவசம் இருக்கிறது. தொழுவத்துக்குப் பக்கத்தில் ஓலைக்குடில் ஒன்று போட இடமும் இருக்கிறது. ஆகவே சிப்பிக் காளான் வளர்த்துப் பார்க்கலாம் என்று நினைக்கும் உழவர்கள் பலர். நல்ல எண்ணம்தான். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். காளானும் ஒரு பூசணமே. மூடிய அறைக்குள் வேண்டிய பூசணத்தை வளர்த்து, வேண்டாத பூசணத்தை விலக்கி, அந்த அறையின் காற்றையே நாள்தோறும் சுவாசித்துச் செய்யும் தொழில் இது. திறந்த வயலில் களை எடுப்பவருக்குக் காற்றைப் பற்றிய கவலை இல்லை. குடிலுக்குள் நிற்பவருக்கு அந்தக் கவலை இருந்தே தீர வேண்டும்.

சான்றிதழ் எதற்கு?

இமாசலப் பிரதேசத்தின் சோலன் நகரில் 1983-ஆம் ஆண்டு மத்திய அரசு காளானுக்கென ஒரு மையம் அமைத்தபோது, அதன் பெயரிலேயே ஆராய்ச்சியோடு பயிற்சியையும் சேர்த்து வைத்தார்கள். பயிற்சி இல்லாமல் இந்தத் தொழில் நடவாது என்பது அன்றே தெரிந்திருந்தது. இன்று கோயம்புத்தூரில் நம் பல்கலைக்கழகத்திலும், மாவட்டங்களில் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களிலும் காளான் பயிற்சி அளிக்கப்படுகிறது. ஒரு நாள் பயிற்சியில் வைக்கோல் வேகவைப்பது, வித்து இடுவது, படுக்கை கட்டுவது ஆகியவற்றைக் கண்ணால் பார்த்துவிடலாம். இந்திய வேளாண்மைத் திறன் குழுவின் பாடத்திட்டப்படி 'காளான் வளர்ப்போர்' என்ற பணிக்கு நடத்தப்பட்டு வந்துள்ள நெடும்பயிற்சிகள் பெரும்பாலும் 200 மணி நேரம் கொண்டவை. அவற்றில் பாடம் நடத்தியவரே தேர்வு வைப்பதில்லை. வெளியிலிருந்து வேறொருவர் வந்து மதிப்பிடுகிறார்.

இந்த ஏற்பாடு வீண் சடங்கு அன்று. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வீட்டுச் சுவர்களில் படரும் பூசணத்தை ஆய்வு செய்யவும், அதை அகற்றவும் தனித்தனி உரிமம் வேண்டும் என்று 2003-இல் சட்டம் செய்தார்கள். ஒரே வீட்டில் ஆய்வு செய்தவரே அகற்றும் வேலையையும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அங்குள்ள விதி. தன் குறை தன் கண்ணுக்குத் தெரியாது அல்லவா? நம் ஊரில் குடில் போட அப்படி உரிமம் எதுவும் தேவையில்லை. ஆனால் மாதம் ஒருமுறை வேறொரு காளான் வளர்ப்பவரை அழைத்து உங்கள் குடிலைக் காட்டலாமே. தினமும் உள்ளே போய் வருபவருக்குப் பழகிப்போன நாற்றம், புதிதாக வருபவருக்கு வாசலிலேயே தெரியும்.

வங்கிக் கடன் கேட்கும்போது சான்றிதழ் உதவும், உண்மை. ஆயினும் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய சான்றிதழ் குடிலின் காற்றைச் சுத்தம் செய்யாது. பயிற்சியில் கீழ்க்கண்டவற்றை விடாமல் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

காம்பு நீண்டால் காற்று கெட்டது

பூசண இழை வைக்கோலில் பரவும் முதல் 15 முதல் 20 நாள்களில் கரியமிலவாயு சற்று அதிகம் இருந்தாலும் பாதகமில்லை. மொட்டு வைத்த பின் நிலைமை வேறு. காளான் நம்மைப் போலவே உயிர்க்காற்றை உட்கொண்டு கரியமிலவாயுவை வெளிவிடுகிறது. வெளிக்காற்றில் கரியமிலவாயு பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 420 பங்கு உள்ளது. குடிலில் அது 1,000 பங்கைத் தாண்டிச் சென்றால் சிப்பிக் காளானின் காம்பு நீண்டு, குடை சிறுத்துவிடும். அளப்பதற்குக் கருவி வாங்க வேண்டாம், காளானே கருவி. வெளிச்சம் போதாவிட்டாலும் காம்பு நீளும். ஆகவே முதலில் குடிலுக்குள் நின்று செய்தித்தாள் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். படிக்க முடிந்தும் காம்பு நீள்கிறது என்றால் காற்றுதான் குற்றவாளி.

இங்கேதான் கோடையில் பலர் தவறுகிறார்கள். ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டி இருக்க வேண்டும் என்று படித்துவிட்டு, எல்லாச் சன்னல்களையும் நனைத்த சாக்கால் மூடிவிடுகிறார்கள். ஈரம் நிற்கிறது, காற்றும் நின்றுவிடுகிறது. நாள்கணக்கில் நனைந்தே கிடக்கும் சாக்கில் பூசணம் பிடித்து, அதன் வழியாக வரும் காற்றே நோயைக் கொண்டுவருகிறது. தரையை ஒட்டி ஒரு பக்கமும், கூரையை ஒட்டி எதிர்ப்பக்கமும் திறப்பு விட்டு நைலான் வலை அடியுங்கள். சூடான காற்று மேல்வழியே வெளியேற, புதுக்காற்று கீழ்வழியே வரும். காலையும் மாலையும் அரை மணி நேரம் சாக்குகளை விலக்கி வைத்து, பின்பு தரை மணலை நனைத்து ஈரத்தை மீட்டுக்கொள்ளுங்கள். சாக்குகளை வாரம் ஒருமுறை வெந்நீரில் முக்கி வெயிலில் காயப்போடுவது நல்லது.

வயலில் நண்பன், குடிலில் பகைவன்

நிலக்கடலை விதைநேர்த்திக்கு கிலோவுக்கு 4 கிராம் டிரைகோடெர்மா விரிடி கலக்கிறீர்கள். வேர் அழுகலைத் தடுக்கும் அந்த நன்மைப் பூசணத்தின் இனத்தைச் சேர்ந்ததே காளான் படுக்கையில் பச்சைத் திட்டாகத் தோன்றுவது. மற்றப் பூசணங்களைத் தின்று வாழ்வது அதன் இயல்பு. காளானும் பூசணம் ஆதலால் அதையும் விடாது. எனவே விதைநேர்த்தி செய்த கையோடும் சட்டையோடும் குடிலுக்குள் போகாதீர்கள். குளித்து, உடை மாற்றிய பிறகே போக வேண்டும்.

பச்சைத் திட்டு கண்ட பையைக் குடிலுக்குள் பிரிக்கவே கூடாது. அதன் மேல் தண்ணீர் தெளித்தால் பச்சைத்தூள் சிதறி அடுத்த பைகளில் ஏறும். இன்னொரு பாலிதீன் பையை மேலே மாட்டி, வாயைக் கட்டி, வெளியே தொலைவில் எடுத்துச் சென்று குழியில் புதையுங்கள். அந்த வேலையை அன்றைய கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வித்து பரவும் அறை, அடுத்துப் பறிக்கும் அறை, இறுதியில் கெட்ட பைகள் என்பதே வரிசை.

பறிப்பவரின் நெஞ்சு

இது மகசூலைவிடப் பெரிய செய்தி. முற்றிய சிப்பிக் காளானின் அடியில் உள்ள மடிப்புகளிலிருந்து கண்ணுக்குத் தெரியாத நுண்வித்துகள் கோடிக்கணக்கில் உதிர்கின்றன. கீழ்ப் பைகளின் மேல் மாவு தூவியது போல் வெண்தூள் படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே தூள் பறிப்பவரின் நுரையீரலுக்குள்ளும் இறங்குகிறது.

காலையில் காளான் பறித்த ஒருவருக்கு, நான்கு முதல் எட்டு மணி நேரம் கழித்துக் குளிர் சுரம், வறட்டு இருமல், உடம்புவலி, மூச்சுத் திணறல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓரிரு நாள் ஓய்வில் சரியாகிறது. மீண்டும் குடிலுக்குப் போனால் மீண்டும் வருகிறது. வீட்டார் விஷக்காய்ச்சல் என்று மாத்திரை வாங்கித் தருவார்கள். பூசணம் பிடித்த வைக்கோலைக் கையாளும் உழவர்களிடம் இத்தகைய நோயை இங்கிலாந்தில் 1932-இல் விவரித்தார்கள். காளான் தொழிலாளரிடம் அமெரிக்காவில் 1959-இல் கண்டறிந்தார்கள். எல்லோருக்கும் வருவதில்லை. வந்தவர் கவனியாமல் தொடர்ந்து குடிலில் வேலை செய்தால் நுரையீரலில் தழும்பு விழும். அந்தத் தழும்பு ஆறாது. ஆகவே மருத்துவரிடம் போகும்போது, கேட்காவிட்டாலும், 'நான் காளான் பறிக்கிறேன், பறித்த அன்று இப்படி வருகிறது' என்று சொல்லிவிடுங்கள்.

வராமல் காக்கும் வழி எளியது. குடையின் விளிம்பு சற்று உள்நோக்கி வளைந்திருக்கும்போதே பறித்துவிடுங்கள். விளிம்பு விரிந்து மேல்நோக்கிச் சுருளும்வரை விட்டால் தூள் கொட்டும், சந்தையிலும் விலை இறங்கும். உள்ளே நுழையும் முன் திறப்புகளைத் திறந்து அரை மணி நேரம் காற்றாட விடுங்கள். மூக்கில் துண்டு கட்டுவது போதாது. என்-95 முகக்கவசம் முகத்தோடு இடைவெளி இல்லாமல் படிய வேண்டும், ஈரமானால் மாற்ற வேண்டும். வீட்டின் ஓர் அறையையே காளான் அறையாக்கியவர்கள், அதன் சன்னல் படுக்கும் அறைப் பக்கம் திறவாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் உள்ளே வரக்கூடாது. ஒருமுறை இந்த நோய் கண்டவர் பறிக்கும் வேலையை விட்டு, எடை போடுவது, விற்பது போன்ற வெளிவேலைக்கு மாறிக்கொள்வதே சரி.

ஃபார்மலின் பற்றியும் ஒரு சொல். அதன் ஆவி கண்ணையும் மூச்சையும் எரிக்கும். அதிலுள்ள ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்தியது. விறகும் பாத்திரமும் உள்ள சிறு உழவர், வைக்கோலை 5 மணி நேரம் ஊறவைத்து ஒரு மணி நேரம் வேகவைப்பதே மேல் என்பது என் கருத்து.

பயிற்சிக்குப் பெயர் கொடுக்கும்போது பெரும்பாலும் வீட்டு ஆண்கள்தாம் வருகிறார்கள். ஊர் திரும்பிய பின் குடிலுக்குள் போய்ப் பறிப்பவர் மனைவியோ, தாயோ, கூலிக்கு வரும் பெண்ணோ. அடுத்த முறை விண்ணப்பம் நிரப்பும்போது பறிப்பவரின் பெயரை முதலில் எழுதுங்கள்.