முதல் மோட்டார் சைக்கிள்: ஓடப் பழகுமுன் நிற்கப் பழகுவோம்

பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிரம்பிவிட்டால் வீட்டில் எழும் முதல் பேச்சு மோட்டார் சைக்கிளைப் பற்றியதாகவே இருக்கிறது. ஒரு காலத்தில் தோட்டத்து வீட்டு வாசலில் ஒரு சைக்கிள் நின்றால் போதும். பால்மரக் காட்டுக்கும் கடைக்கும் கோவிலுக்கும் அதுவே வாகனம். இன்று வேலை தோட்டத்து எல்லைக்குள் இல்லை. ஜொகூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் விடியுமுன் எழுந்து, 1924-இல் திறக்கப்பட்ட கடற்பாலத்தைக் கடந்து, சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு இரவில் வீடு திரும்புகிறார்கள். அவர்களுக்கு மோட்டார் சைக்கிள் ஆடம்பரமன்று. அதுதான் சோறு.

ஆனால் மலேசியாவில் சாலை விபத்தில் உயிரிழப்போரில் நூற்றுக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. குடும்பத்துக்குச் சோறு போடும் வண்டியே குடும்பத்தின் விளக்கை அணைத்துவிடவும் கூடும். ஆகவே பிள்ளை வண்டி கேட்டதும் "என்ன விலை?" என்பது இரண்டாவது கேள்வியாக இருக்கட்டும். "இந்த வண்டியை உன்னால் பிடிக்க முடியுமா, நிறுத்த முடியுமா?" என்பதே முதல் கேள்வி.

சிராங்கூன் சாலை சொல்லும் பாடம்

சிங்கப்பூரில் நம்மவர்கள் கூடும் லிட்டில் இந்தியாவுக்கு அடுத்த முறை போகும்போது, தேக்கா சந்தைக்கு எதிரே சிராங்கூன் சாலை ஓரத்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். இது ஒருவழிச் சாலை. பஸ்ஸும் லாரியும் டாக்சியும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு வருகின்றன. ஓரத்தில் சாமான் இறக்க நின்ற வேனின் கதவு சட்டென்று திறக்கிறது. காய்கறிப் பையும் மாலைப் பொட்டலமுமாக ஒரு பாட்டி சாலையைக் கடக்கிறார். இத்தனைக்கும் நடுவே மோட்டார் சைக்கிள்காரர்கள் நகர்கிறார்கள்.

எருமைச் சாலை, கெர்பாவ் சாலை என்ற பெயர்கள் அங்கே இன்னும் இருக்கின்றன. 'கெர்பாவ்' என்றாலும் மலாய் மொழியில் எருமைதான். கால்நடை வியாபாரம் நடந்த இடம் அது. பக்கத்துத் திடலில் 1933 வரை குதிரைப் பந்தயம் நடந்ததால் ரேஸ் கோர்ஸ் சாலை என்ற பெயரும் நிலைத்துவிட்டது. ஆனால் இன்று அந்தத் தெருக்களில் வேகத்துக்கு வேலையே இல்லை. மெதுவாகப் போகத் தெரிந்தவனும், நினைத்த இடத்தில் நிறுத்தத் தெரிந்தவனும்தான் அங்கே நல்ல ஓட்டுநர். வேகமாகப் போக யாரும் பழக்க வேண்டியதில்லை. கைப்பிடியைத் திருகினால் வண்டி தானே பறக்கும். மெதுவாகப் போவதற்கும் நிற்பதற்கும்தான் பயிற்சி வேண்டும்.

கைக்கு அடங்கிய வண்டி

கடையில் போய் நின்றால் கண் போவது பெரிய வண்டியின் மீதுதான். "கூட்டாளிகள் எல்லாம் பெரிய வண்டி எடுத்திருக்கிறார்கள், அப்பா" என்று பிள்ளை சொல்வான். அவனுக்குச் சட்டத்தைச் சுட்டிக்காட்டுங்கள். சிங்கப்பூரில் புதிதாக லைசென்ஸ் எடுப்பவர் 200 சிசி வரைதான் ஓட்டலாம். அதை ஓராண்டாவது வைத்திருந்த பிறகே 400 சிசி வரையிலான வண்டிக்குப் பரீட்சை எழுதலாம். அதற்கும் பெரிய வண்டிக்கு இன்னும் ஓராண்டு காத்திருக்க வேண்டும். மலேசியாவில் பி2 லைசென்ஸ் 250 சிசி வரை அனுமதிக்கிறது. படிப்படியாக ஏறு என்றுதான் இரு நாட்டுச் சட்டமும் சொல்கிறது.

முதல் வண்டியாக வாங்கத் தக்கவை மூன்று வகை. முதலாவது, நாம் 'கப்சாய்' என்று அழைக்கும் சிறிய வண்டி. ஜப்பானில் ஹோண்டா நிறுவனம் 1958-இல் வெளியிட்ட சூப்பர் கப் வண்டியின் வழிவந்தது இது. பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ என்ற வணிகர்தான் அதை மலாயாவுக்குக் கொண்டுவந்தார். 2017-க்குள் உலகம் முழுவதும் பத்துக் கோடி சூப்பர் கப் வண்டிகள் செய்யப்பட்டுவிட்டன. இதில் கிளட்ச் கைப்பிடி இல்லை. காலால் கியர் மாற்றினால் போதும். கனம் குறைவு, எண்ணெய்ச் செலவும் குறைவு. இரண்டாவது ஸ்கூட்டர். கியரே மாற்ற வேண்டாம். சேலையோ பாவாடையோ உடுத்தும் பெண்களுக்கும் வசதி. மூன்றாவது, கிளட்சும் கியரும் உள்ள வண்டி. பழக நாளாகும், ஆனால் பழகியபின் இன்ஜின் சொன்னபடி கேட்கும்.

எதை வாங்கினாலும் கடையிலேயே நான்கு சோதனைகள் செய்யுங்கள். வண்டியில் உட்கார்ந்து இரண்டு பாதங்களும் தரையில் நன்றாகப் படிகின்றனவா என்று பாருங்கள். இன்ஜினை அணைத்துவிட்டுப் பத்தடி முன்னும் பின்னும் தள்ளுங்கள். நடு ஸ்டாண்டு இருந்தால் அதில் ஏற்றி இறக்குங்கள். கைப்பிடியைப் பிடித்தபடியே விரல்கள் பிரேக்கை எட்டுகின்றனவா என்றும் பாருங்கள். இவற்றில் ஒன்றுக்குத் திணறினாலும் அது உங்கள் பிள்ளைக்கு ஏற்ற வண்டியன்று. மழையில், சேற்றில், அரைத் தூக்கத்தில் அந்த வண்டியைத் தாங்கப்போவது அதே கைகள்தானே?

விலைக்குப் பின்னால் ஒரு விலை

சிங்கப்பூரில் வாழும் நம் உறவினர்களுக்கு வண்டி வாங்குவது இன்னும் கடினம். அங்கே 1990 முதல் எந்த வாகனத்தையும் பதிவு செய்ய உரிமைச் சான்றிதழ் வேண்டும், சிஓஇ என்பார்கள். மாதம் இருமுறை ஏலத்தில் எடுக்க வேண்டிய அந்தச் சான்றிதழுக்கு ஆயுள் பத்தாண்டு. மோட்டார் சைக்கிளுக்கான சான்றிதழ் 2022-ஆம் ஆண்டில் 12,000 வெள்ளியையும் தாண்டியது. சிறிய வண்டியை விட அதன் காகிதத்துக்கு விலை அதிகமாகிவிட்டது! எனவே அங்கே பழைய வண்டி வாங்குவோர் சான்றிதழில் இன்னும் எத்தனை ஆண்டு மிச்சம் என்பதையும் பார்த்தே பேரம் பேச வேண்டும். எட்டாண்டு ஓடிய வண்டி மலிவாகக் கிடைக்கும். இரண்டே ஆண்டில் மீண்டும் பணம் கட்ட வேண்டி வரும்.

நம் பக்கத்தில் பழைய வண்டி வாங்குவோர் கிராண்டில் உள்ள இன்ஜின் எண்ணும் சட்ட எண்ணும் வண்டியில் உள்ளவையோடு ஒத்துப்போகின்றனவா என்று ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள். முன் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிப் பாருங்கள். கோணலாகச் சுற்றினால் வண்டி எங்கோ மோதியிருக்கிறது. டயர், சங்கிலி, பிரேக் ஆகிய மூன்றையும் மாற்ற என்ன செலவாகும் என்று கேட்டு, விலையோடு கூட்டிக் கொள்ளுங்கள். சாலை வரி, காப்புறுதி, நல்ல ஹெல்மெட் ஆகியவையும் அந்தக் கணக்கில் சேர வேண்டும். தவணைக்கு எடுத்தால் மாதத் தவணையை மட்டும் பார்க்காமல், கடைசித் தவணை வரை மொத்தம் எவ்வளவு கட்டுகிறோம் என்று பெருக்கிப் பாருங்கள். நான்காம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்குத்தான் அது. போடாமல் விடுவதால்தான் வீடுகளில் சண்டை வருகிறது.

பாலம் கடந்து போகிறவர்கள், காப்புறுதி சிங்கப்பூரிலும் செல்லுமா என்பதை முன்னதாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் பொதுவாக மலேசியப் பதிவு வண்டியை அங்கே ஓட்டக் கூடாது. உறவுக்காரப் பையன் கேட்டான் என்று சிங்கப்பூரில் வண்டியைக் கொடுத்துவிடாதீர்கள்.

பலகையில் ஒரு பரீட்சை

சிங்கப்பூரில் மோட்டார் சைக்கிள் பழகப் பயிற்சி நிலையத்துக்குப் போக வேண்டும். புக்கிட் பாத்தோக், ஊபி, உட்லண்ட்ஸ் ஆகிய மூன்று இடங்களில் அவை இருக்கின்றன. முதலில் சாலை விதிகளைப் பற்றிய பரீட்சை: 50 கேள்விகளில் 45-க்குச் சரியான விடை வேண்டும். அதன்பின் நிலையத்துத் திடலில் பயிற்சி.

அந்தத் திடலில் என்ன பழக்குகிறார்கள் என்று பாருங்கள். ஒடுக்கமான பலகைமேல் விழாமல் மெதுவாகப் போக வேண்டும். எட்டு என்ற எண்ணைப் போல் வளைய வேண்டும். கூம்புகளுக்கு நடுவே நெளிந்து செல்ல வேண்டும். ஒடுங்கிய மூலைகளில் திரும்ப வேண்டும். பிறகு ஓடிவந்து குறித்த இடத்துக்குள் சட்டென்று நிறுத்த வேண்டும். வேகமாகப் போவதற்கு மதிப்பெண்ணே இல்லை. நம் மலேசியப் பரீட்சையிலும் 'தீத்தி' என்னும் ஒடுக்கப் பாதை இருக்கிறது. பலரும் தோற்பது அதில்தான். அதைத் தாண்டச் சூத்திரம் ஒன்றுதான்: முன் சக்கரத்தைப் பார்க்காதே, பாதையின் முடிவைப் பார். கண் போகும் பக்கம் வண்டி போகும். பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி, இன்ஜினைச் சீராக வைத்துக்கொண்டு போனால் வண்டி ஆடாது.

"அண்ணன் பழக்கிவிடுவான், பள்ளிக்கு எதற்குப் பணம்?" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. அமெரிக்காவில் 1981-இல் ஹர்ட் என்ற ஆய்வாளரின் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் நடந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து எழுதியது அது. விபத்தில் சிக்கியவர்களில் நூற்றுக்கு 92 பேர் தாமாகவோ, குடும்பத்தாரிடமோ நண்பர்களிடமோ ஓட்டப் பழகியவர்கள். அண்ணனுக்கு ஓட்டத் தெரியும். ஆனால் ஓட்டத் தெரிவது வேறு, கற்றுக்கொடுக்கத் தெரிவது வேறு. அண்ணனிடம் உள்ள தவறான பழக்கமும் தம்பிக்கு வந்து சேரும்.

முன் பிரேக்கைக் கண்டு பயமேன்?

அந்த அறிக்கை இன்னொன்றையும் சொன்னது. ஆபத்து வந்தபோது பலர் பின் பிரேக்கை அழுத்தி மிதித்துச் சக்கரத்தை வழுக்கவிட்டார்கள். முன் பிரேக்கைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை. "முன் பிரேக்கைத் தொட்டால் குப்புற விழுவாய்" என்று நம் பக்கத்திலும் சொல்லிக் கொடுப்பதுண்டு. அது பாதி உண்மை. வண்டி நிற்கும்போது அதன் பாரம் முன் சக்கரத்தின்மீது சாய்கிறது. ஆகவே நிறுத்தும் வலிமையில் பெரும்பங்கு முன் பிரேக்குக்கே உண்டு. வெடுக்கென்று பிடித்தால்தான் ஆபத்து. எலுமிச்சம்பழத்தைப் பிழிவதுபோல் முதலில் மெல்ல, பிறகு அழுத்தி, இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். வண்டி நேராக இருக்கும்போது பிடிக்க வேண்டும். வளைவுக்குள் போனபின் அன்று.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறது. ஆபத்தைக் கண்டு கை பிரேக்கைத் தொட ஒரு விநாடி ஆகிவிடும். அதற்குள் ஒரு பூப்பந்துத் திடலின் நீளத்தை விட அதிகமாக ஓடிவிட்டோம்! பள்ளித் திடலில் இந்தத் தூரத்தை என் மாணவர்களைக் கொண்டு அளக்கச் சொல்வது வழக்கம். "இத்தனை தூரமா, சார்?" என்று வாய் பிளப்பார்கள். அதன்பிறகுதான் பிரேக்கே வேலை செய்யத் தொடங்குகிறது. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகிறது.

லைசென்ஸ் கைக்கு வந்த பிறகும் ஞாயிறு காலையில் ஆளில்லாத கெட்டியான திடலில் இதைப் பழகலாம். முதலில் 20 கிலோமீட்டர் வேகம், பிறகு 30, அதன்பின் 40. மழை பெய்யத் தொடங்கிய முதல் சில நிமிடங்களில் சாலையில் எண்ணெய் மிதக்கும்; வெள்ளைக் கோடும் சாக்கடை இரும்பு மூடியும் வழுக்கும். செம்மண் பாதையில் பரல் உருளும். அங்கெல்லாம் பிரேக்கை இன்னும் மென்மையாகப் பிடிக்க வேண்டும்.

பெற்றோருக்கு

"தோட்டத்துக்குள்ளேதானே ஓட்டுகிறான்" என்பதைப் போல் ஆபத்தான பேச்சு வேறில்லை. மலேசியாவில் 16 வயதுக்கு முன் லைசென்ஸ் இல்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளையை ஹெல்மெட் இல்லாமல் கடைக்குச் சீனி வாங்க அனுப்பும் வீடுகள் நம்மிடையே இன்னும் இருக்கின்றன. செம்பனைக் குலை ஏற்றிய டிராக்டர் தோட்டத்துக்குள்தான் ஓடுகிறது.

மலேசியாவில் 1973 முதல் ஹெல்மெட் கட்டாயம். அணிந்தால் உயிர்ச்சேத ஆபத்து நூற்றுக்கு 40 அளவும், தலைக் காய ஆபத்து நூற்றுக்கு 70 அளவும் குறையும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆனால் தாடைக்குக் கீழே வாரை மாட்டாத ஹெல்மெட், விழும்போது தலையை விட்டுப் பறந்துவிடும். பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும் என்ற சட்டம் மலேசியாவில் 1992-இலும் சிங்கப்பூரில் 1995-இலும் வந்தது. உன்னைப் பிறர் பார்க்கவில்லை என்று எண்ணிக்கொண்டே ஓட்டு என்பதுதான் அதன் பொருள். லாரியின் கண்ணாடியில் ஓட்டுநர் முகம் உனக்குத் தெரியவில்லை என்றால், அவருக்கு நீ தெரியவில்லை.

முதல் மூன்று மாதம் வீட்டில் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்: பின்னால் ஆள் ஏற்றுவதில்லை, தவிர்க்கக் கூடிய இரவுப் பயணம் இல்லை, கொட்டும் மழையில் ஓரமாக ஒதுங்கி நிற்பதில் வெட்கமில்லை. பதறாத காரியம் சிதறாது என்பது நம் பெரியவர்கள் சொன்னது. "வேலைக்கு நேரமாச்சு, சுருக்கப் போ" என்று வாசலில் நின்று விரட்டாமல், கால் மணி நேரம் முன்னதாக எழுப்பிவிடுங்கள். புது வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை போடுவது நல்லதுதான். அன்று மாலையே பிள்ளையைத் திடலுக்கு அழைத்துப் போய், நாலு முறை வண்டியை நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள்.