அமெரிக்க உள்நாட்டுப் போர்

அமெரிக்க உள்நாட்டுப் போர் என்பது 1861 முதல் 1865 வரை ஐக்கிய அமெரிக்காவின் வட மாநிலங்களுக்கும், ஒன்றியத்திலிருந்து பிரிந்து தனிக் கூட்டமைப்பை அமைத்துக்கொண்ட 11 தென் மாநிலங்களுக்கும் இடையே நடைபெற்ற போராகும். இதில் இறந்தோர் ஏறத்தாழ 6,20,000 பேர் என்று நெடுங்காலம் கணக்கிடப்பட்டது. பிற்கால ஆய்வுகள் இத்தொகையை 7,50,000 வரை உயர்த்துகின்றன. இவர்களுள் பெரும்பாலோர் குண்டடி பட்டு இறந்தவர்கள் அல்லர். வயிற்றுப்போக்கு, டைபாய்டு முதலிய நோய்களே போர்க்களத்தைவிட அதிகமானோரைக் கொன்றன.

காரணங்கள்

போருக்கு மாநில உரிமை, வரிக்கொள்கை எனப் பல காரணங்கள் கூறப்படுவதுண்டு. ஆனால் பிரிந்து சென்ற மாநிலங்களே வெளியிட்ட அறிக்கைகளைப் படிப்பவருக்கு இதில் ஐயம் எழ வாய்ப்பில்லை. தனது நிலைப்பாடு அடிமைமுறையோடு பிரிக்க முடியாதபடி பிணைந்தது என மிசிசிப்பி மாநிலம் வெளிப்படையாகவே அறிவித்தது. கூட்டமைப்பின் துணைத்தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச்சில் ஆற்றிய உரையில், வெள்ளையருக்குக் கறுப்பர் சமமல்லர் என்பதே புதிய அரசின் அடிக்கல் என்றார். மாநில உரிமை என்னும் வாதமும் அவ்வளவு நேர்மையானதன்று. தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்குமாறு வட மாநிலங்களைக் கட்டாயப்படுத்திய 1850ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தெற்கு முழுமனதோடு ஆதரித்தது. அப்போது வடக்கின் மாநில உரிமை அதன் நினைவுக்கு வரவில்லை.

அடிமைமுறையின் வலிமைக்குப் பருத்தியே அடிப்படை. 1793இல் எலி விட்னி உருவாக்கிய பருத்தி அரவை இயந்திரம் விதை பிரிக்கும் வேலையை எளிதாக்கியது. வேலை குறைந்ததால் அடிமைகளின் தேவையும் குறைந்திருக்க வேண்டும் என்று தோன்றலாம். நடந்தது அதற்கு நேர்மாறானது. பருத்தி பெரும் இலாபம் தந்ததால் சாகுபடிப் பரப்பு மேற்கு நோக்கி விரிந்தது. பறிப்பதற்கு மேலும் மேலும் ஆட்கள் தேவைப்பட்டனர். 1860ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அடிமைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 40 இலட்சமாக இருந்தது. நாட்டின் ஏற்றுமதி மதிப்பில் பாதிக்கு மேல் பருத்தியிலிருந்து வந்தது.

புதிதாகச் சேரும் மேற்கு நிலப்பகுதிகளில் அடிமைமுறையை அனுமதிப்பதா என்பதே பூசலின் மையம். 1820இல் செய்துகொண்ட மிசௌரி உடன்பாடு ஒரு எல்லைக்கோட்டை வகுத்தது. 1854ஆம் ஆண்டின் கன்சாஸ்-நெப்ராஸ்கா சட்டம் அதை அழித்தது. கறுப்பர் அமெரிக்கக் குடிமக்கள் ஆக முடியாது என 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடிமைமுறை மேலும் பரவக்கூடாது என்ற கொள்கையுடன் போட்டியிட்ட ஆபிரகாம் லிங்கன் 1860 நவம்பரில் வென்றார். பெரும்பாலான தென் மாநிலங்களில் அவருக்கு ஒரு வாக்குக்கூட விழவில்லை. டிசம்பர் 20 அன்று தென் கரோலினா பிரிந்தது. பதவியேற்பதற்குள் மொத்தம் ஏழு மாநிலங்கள் பிரிந்துவிட்டன.

போரின் தொடக்கம்

1861 ஏப்ரல் 12 அன்று சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்த சம்டர் கோட்டையின் மீது தென்படைகள் பீரங்கித் தாக்குதல் நடத்தின. அதன் பின் மேலும் நான்கு மாநிலங்கள் கூட்டமைப்பில் சேர்ந்தன. ஜூலை 21 அன்று புல் ரன் ஓடைக்கரையில் முதல் பெரும் சமர் நடந்தது. ஒரே நாளில் முடிந்துவிடும் என்று நம்பி வாஷிங்டனிலிருந்து பிரமுகர்கள் உணவுக்கூடைகளோடு வேடிக்கை பார்க்க வந்திருந்தனர். வடபடை தோற்றுச் சிதறியபோது ஓடும் வீரர்களோடு அவர்களும் சாலையில் முண்டியடித்து ஓட நேர்ந்தது.

தப்பி வந்தவர்கள்

அடிமைகளை விடுவித்தவர் லிங்கன் என்று மட்டும் சொல்வது பாதி உண்மையே. 1861 மே மாதம், தென்படைக்கு அரண் கட்டும் வேலையில் ஈடுபடுத்தப்பட்ட மூன்று அடிமைகள் இரவில் படகேறி வர்ஜீனியாவிலிருந்த மன்ரோ கோட்டைக்கு வந்து சேர்ந்தனர். அவர்களைத் திருப்பித் தருமாறு மறுபக்கத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து கேட்டார். வர்ஜீனியா தன்னை அயல்நாடு என்று அறிவித்துக்கொண்டதால் அமெரிக்கச் சட்டத்தை அதற்காகச் செயல்படுத்த வேண்டியதில்லை என்று தளபதி பட்லர் மறுத்தார். வழக்கறிஞரான அவருக்கு இந்த வாதம் எளிதாக வாய்த்தது. செய்தி பரவியதும் நூற்றுக்கணக்கில், பின்னர் ஆயிரக்கணக்கில் மக்கள் வடபடை முகாம்களைத் தேடி வந்தனர். இவர்களை என்ன செய்வது என்ற கேள்விக்கு வாஷிங்டன் விடை சொல்லியே ஆக வேண்டியதாயிற்று.

1862 மே 13 அன்று சார்ல்ஸ்டனில் ராபர்ட் ஸ்மால்ஸ் என்ற அடிமை, வெள்ளை அதிகாரிகள் கரையில் தங்கியிருந்த வேளையில் பிளாண்டர் என்ற தென்படைக் கப்பலைக் கிளப்பினார். வழியில் குடும்பத்தாரை ஏற்றிக்கொண்டு, தலைவரின் தொப்பியை அணிந்து, கோட்டைகளுக்குரிய அடையாள ஒலிகளைச் சரியாக எழுப்பி, சம்டரைக் கடந்து வடகடற்படையிடம் சேர்ந்தார். பிற்காலத்தில் அதே தென் கரோலினாவிலிருந்து நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

முக்கியச் சமர்கள்

1862 செப்டம்பர் 17 அன்று மேரிலாந்தின் ஆன்டியட்டம் ஓடையருகே ஒரே நாளில் ஏறத்தாழ 23,000 பேர் கொல்லப்பட்டும் காயமுற்றும் காணாமலும் போயினர். சில நாள்களுக்கு முன் தென்தளபதி ராபர்ட் லீயின் படைத்திட்டம், மூன்று சுருட்டுகளைச் சுற்றிய தாளாக வடவீரர்கள் கையில் கிடைத்திருந்தது. அதை வைத்தும் தளபதி மெக்லெல்லன் லீயைத் தப்பவிட்டார். ஆயினும் லீ பின்வாங்கியது, லிங்கன் காத்திருந்த வாய்ப்பாக அமைந்தது. எதிரிப் பகுதிகளிலுள்ள அடிமைகள் விடுதலை பெற்றவர்கள் என்ற ஆணை 1863 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒன்றியத்திலேயே தங்கிவிட்ட எல்லை மாநிலங்களின் அடிமைகளுக்கு அது பொருந்தவில்லை. எனினும் கறுப்பர் படையில் சேரும் கதவு திறந்தது. ஏறத்தாழ 1,80,000 பேர் சேர்ந்தனர். 1864 வரை அவர்களுக்கு வெள்ளை வீரரைவிடக் குறைந்த ஊதியமே வழங்கப்பட்டது.

1863 ஜூலை 1 முதல் 3 வரை பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க்கில் நடந்த சமரில் இரு தரப்பிலும் சேர்த்து ஏறத்தாழ 51,000 பேர் இழப்புக்குள்ளாயினர். மூன்றாம் நாள் திறந்தவெளியில் ஏறத்தாழ 12,500 பேரை லீ முன்னே செலுத்தினார். அவர்களில் பாதிப்பேர் அதிலேயே வீழ்ந்தனர். மறுநாள் மிசிசிப்பி ஆற்றங்கரையிலிருந்த விக்ஸ்பர்க் நகரம், 47 நாள் முற்றுகைக்குப் பின் தளபதி கிராண்டிடம் சரணடைந்தது. குண்டுமழைக்கு அஞ்சி மக்கள் அங்கே மண்மேட்டில் குகை தோண்டி வாழ்ந்திருந்தனர். கெட்டிஸ்பர்க்கே அதிகம் பேசப்படுகிறது. ஆனால் ஆற்றை முழுவதும் கைப்பற்றித் தெற்கை இரண்டாகப் பிளந்தது விக்ஸ்பர்க்தான்.

1864 செப்டம்பரில் தளபதி ஷெர்மன் அட்லாண்டாவைப் பிடித்தது லிங்கனின் மறுதேர்தல் வெற்றிக்கு வழிசெய்தது. பீட்டர்ஸ்பர்க்கை ஒன்பது மாதங்களுக்கு மேல் வளைத்திருந்த கிராண்டிடம், 1865 ஏப்ரல் 9 அன்று அப்போமாட்டக்ஸில் லீ சரணடைந்தார். சரணடைவு நடந்த வீட்டின் உரிமையாளர் வில்மர் மெக்லீன், புல் ரன் சமர் நடந்த இடத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்!

பின்விளைவுகள்

தெற்கின் துறைமுகங்கள் முற்றுகையிடப்பட்டதால் லங்காஷயர் ஆலைகளுக்குப் பருத்தி வரத்து அற்றுப்போனது. இந்தியப் பருத்தியின் விலை பன்மடங்கு ஏறி, பம்பாயில் பங்குச் சூதாட்டம் பெருகியது. 1865இல் போர் முடிந்ததும் விலை சரிந்து பலர் திவாலாயினர்.

லிங்கன் ஏப்ரல் 14 அன்று சுடப்பட்டு மறுநாள் காலை இறந்தார். டெக்சாஸின் கால்வெஸ்டனில் விடுதலைச் செய்தி ஜூன் 19 அன்றுதான் முறைப்படி அறிவிக்கப்பட்டது. அடிமைமுறையை நாடு முழுவதும் ஒழித்த 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1865 டிசம்பரில் நிறைவேறியது. அதை மறுத்திருந்த மிசிசிப்பி மாநிலச் சட்டமன்றம் 1995இல்தான் ஒப்புதல் வாக்களித்தது. அந்த ஒப்புதல் நடுவண் அரசிடம் முறையாகப் பதிவானது 2013இல்.