நோயாளியின் சாட்சியம்

நோயாளியைப் பார்த்து 'உடம்பு எப்படி இருக்கிறது?' என்று வைத்தியர் கேட்பது வெகு காலமாக உள்ள வழக்கம். அந்தக் கேள்விக்கு வரும் பதிலை எண்ணாகக் குறித்து, சென்ற தடவை குறித்த எண்ணோடு ஒப்பிட்டு, ரத்தப் பரீட்சைக்குக் கொடுக்கும் மதிப்பை அதற்கும் கொடுத்து, மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று தீர்மானிப்பது மட்டும் சென்ற நாற்பது ஐம்பது வருஷங்களில் ஏற்பட்ட மாறுதலாகும். முடக்குவாத சிகிச்சையில் இம்மாறுதலால் விளைந்திருக்கும் நன்மையை நம்மவர்கள் அறிய வேண்டுமென்பது நமது விருப்பம்.

முடக்குவாதம் என்று நாம் இங்கே குறிப்பிடுவது ருமடாய்ட் ஆர்த்ரைடிஸ் என்னும் வியாதியை. முதுமையில் மூட்டுத் தேய்ந்து வரும் முழங்கால் வலி வேறு, இது வேறு. நாட்டைக் காக்க ஏற்பட்ட சேனை சொந்தப் பிரஜைகளின் மீதே பாய்ந்தால் எப்படியோ, அப்படி உடலின் காவற் சக்தியே மூட்டுகளைத் தாக்குகிறது. கை விரல், மணிக்கட்டு, பாதம் ஆகியவற்றின் மூட்டுகள் வீங்குகின்றன. காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரம், சிலருக்கு அதற்கு மேலும், விரல்களை மடக்க முடிவதில்லை. ஆண்களைவிடப் பெண்களுக்கே இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. கவனியாமல் விட்டால் எலும்பு அரிக்கப்பட்டுக் கை கோணிவிடும். கோணிய கை பிறகு மாத்திரையால் நிமிராது.

இதை அடியோடு போக்கும் மருந்து இல்லை. அடக்கி வைக்கும் மருந்துகள் உண்டு. ஆகவே நோய் ஏறுகிறதா இறங்குகிறதா என்று விடாமல் அளந்து வருவதே சிகிச்சையின் உயிர்நிலை. கிளாஸ்கோ நகரில் 110 நோயாளிகளை இரு பிரிவாக்கி நடத்திய ஆராய்ச்சியொன்று 2004-ம் வருஷத்தில் வெளியாயிற்று. ஒரு பிரிவினரை மாதந்தோறும் பார்த்து, நோயை எண்ணால் அளந்து, எண் இறங்காவிட்டால் மருந்தை மாற்றினார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சையே நடந்தது. 18 மாதம் சென்றபின் முதற் பிரிவில் 100-க்கு 65 பேருக்கு நோய் அடங்கியிருந்தது. மற்றப் பிரிவில் 16 பேருக்குத்தான்.

அப்படியானால் எதைக் கொண்டு அளப்பது? ஈ.எஸ்.ஆர்., ஸி.ஆர்.பி. என்ற ரத்தப் பரீட்சைகளை முடக்குவாதக்காரர் எல்லோரும் அறிவர். ஆனால் மூட்டு வீங்கி நோய் மும்முரமாக இருக்கும்போதே இவ்விரண்டும் சரியாகக் காணப்படும் நோயாளிகள் கணிசமாக உண்டு. 'ரிப்போர்ட் நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் அழுகிறாய்?' என்று கடிந்துகொள்ளப்பட்ட எத்தனை பெண்மணிகள் உண்மையில் எலும்பு அரிக்க அரிக்க வீடு திரும்பினார்களோ!

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த டாக்டர் ஜேம்ஸ் ப்ரைஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 1980-ல் ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார்கள். உடை உடுத்த முடிகிறதா, எழுந்திருக்க முடிகிறதா, உண்ண முடிகிறதா, நடக்க முடிகிறதா என்பவை போன்ற 20 கேள்விகள். சிரமமில்லை என்றால் 0, முடியவே இல்லை என்றால் 3. அவ்வளவுதான். 'நோயாளி தன் வாயால் சொல்வது விஞ்ஞானமாகுமா?' என்று பலர் எண்ணினர். டாக்டர் தியோடர் பிங்கஸ் என்பவரும் பிறரும் 75 நோயாளிகளை 9 வருஷம் தொடர்ந்து கவனித்து 1984-ல் வெளியிட்ட ஆராய்ச்சி இச்சந்தேகத்துக்குத் தக்க பதிலாயிற்று. ஆரம்பத்தில் அன்றாடக் காரியங்களைச் செய்ய முடியாமற் போனவர்களிடையேதான் மரணம் மிகுந்திருந்தது.

இன்று உலகெங்கும் வைத்தியர்கள் கையாளும் டி.ஏ.எஸ். 28 என்ற கணக்கிலும் நான்கு அம்சங்களில் இரண்டு நோயாளியின் வாக்கையே நம்பி நிற்பவை. மூட்டை அழுத்தினால் வலிக்கிறதா என்பதை அவர் சொல்லியாக வேண்டும்; மொத்தத்தில் உடம்பு எப்படி என்பதையும் அவரே சொல்ல வேண்டும். வேடிக்கை என்னவென்றால், இக்கணக்கில் எண்ணப்படும் 28 மூட்டுகளில் பாதத்தின் மூட்டு ஒன்றுகூட இல்லை! காலையில் தரையில் கால் வைக்க முடியாதவர் வாய் திறந்து சொன்னாலன்றி அந்த வலி எந்தக் கணக்கிலும் ஏறாது. அளவுகோல்களை வகுக்கும் ஓமெராக்ட் என்ற சர்வதேசக் கூட்டத்துக்கு 2002-ல் முதன்முதலாக நோயாளிகளையும் அழைத்தார்கள். எங்களை வாட்டும் அசதியை ஏன் அளக்கவில்லை என்று அவர்கள் கேட்டார்கள். கேட்ட பிறகே அது அளவுக்கு வந்தது.

ஆட்சேபங்கள் இல்லாமலில்லை. மனச் சோர்வு வலியைப் பெரிதாக்கும். பழைய சேதத்தால், நோய் அடங்கிய பின்பும் மூட்டு வலிக்கலாம். எண் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டு மருந்தைக் கூட்டும்படி நாமும் சொல்லவில்லை. வைத்தியர் மூட்டைத் தொட்டுப் பார்த்தே தீர வேண்டும். ஆனால் ஈ.எஸ்.ஆருங்கூட வயதாலும் ரத்த சோகையாலும் ஏறுகிறதே! அதற்காக அதை யாரும் தள்ளிவிடவில்லை. நோயாளியின் சொல்லுக்கு மட்டும் ஏன் தனி நியாயம்?

நம் நாட்டுக்கு வேறொரு சங்கடம் உண்டு. மேல்நாட்டுக் கேள்வித்தாள் அந்நாட்டு வாழ்க்கைக்கு ஏற்பட்டது. நம்மவர் சம்மணமிட்டு உட்காருகிறார்கள், குந்துகிறார்கள். இதை உணர்ந்து டில்லி டாக்டர்கள் சிலர் இந்தியருக்கேற்ற 12 கேள்விகளை வகுத்து 2002-ல் வெளியிட்டது பாராட்டுக்குரியது. கேள்விகளை மொழிபெயர்ப்பதோடு வேலை முடிந்துவிடாது. தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடிகிறதா, ஈரத்துணியைப் பிழிய முடிகிறதா, தேங்காய் துருவ முடிகிறதா என்று கேட்டால்தான் நமது தாய்மார்களிடமிருந்து உண்மை வரும். பொதுவாகக் கேட்டால் 'பரவாயில்லை' என்பார்கள். பரவாயில்லை என்று சொல்லியே பழகியவர்கள் அவர்கள். கூட வந்த கணவரோ மகனோ முந்திக்கொண்டு பதில் சொல்வதும் சகஜம். எழுத்தறியாதவருக்குத் தாதி படித்துக் காட்டிக் குறிக்கலாம். பதில் நோயாளியினுடையதாகவே இருக்க வேண்டும்.

ராபிட் 3 என்ற சுருக்கமான கேள்வித்தாள் இப்போது உண்டு. அன்றாடக் காரியம், வலி, பொதுநிலை ஆகிய மூன்றுக்கும் சேர்த்து 30 மார்க்கு. 12-க்கு மேற்பட்டால் நோய் கடுமை, 3-க்குள் இருந்தால் அடங்கியது. இதை நிரப்பச் சில நிமிஷம் போதும். கூட்டிப் பார்க்க ஒரு நிமிஷங்கூட ஆகாது. யந்திரமோ ரசாயனமோ வேண்டியதில்லை. சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் முறை வரும்வரை பெஞ்சியில் காத்திருக்கும் நேரத்திலேயே, தமிழில் அச்சிட்ட ஒரு தாளும் பென்சிலும் ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கலாம். எங்கெங்கே இவ்வழக்கம் இன்னும் ஏற்படவில்லையோ, அங்கங்கே ஜனப் பிரதிநிதிகள் சுகாதார அதிகாரிகளைக் கேட்டு வாங்க வேண்டும். அதுவரை நோயாளிகள் ஒரு நோட்டுப் புத்தகத்தில், காலை விறைப்பு எத்தனை நிமிஷம், எந்த மூட்டில் வலி, எந்த வேலை கைகூடவில்லை என்று வாரம் ஒருமுறை தாமே குறித்துக்கொண்டு போய் வைத்தியரின் மேஜைமீது வைக்கலாம்.